பிழை யாருடையது என்று கேட்காத காப்புறுதி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, வேன் என்று ஏதாவது வைத்திருப்பவர்களுக்கும், எதுவுமே இல்லாமல் வீதியோரமாக நடந்து போகிறவர்களுக்கும் தேவையான விஷயம்.

என்னிடம் தரம் 9இல் படித்த பையன் ஒருவன் மூன்று வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. நல்ல பிள்ளை. கணக்கில் கெட்டி. விசாரித்தபோது, "அவன் கடையொண்டில நிக்கிறான் சேர்" என்று வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போனேன். வாப்பா கட்டிலில் இருந்தார். அவர் மேசன். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்துச் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். மஃரிபுக்குச் சற்று முன் சைக்கிளில் வேலை முடிந்து வரும்போது, பிரதான வீதியில் ஒரு வேன் அடித்திருக்கிறது.

"பொலிஸ்ல என்ட்ரி போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர். அந்தத் தம்பி நல்ல புள்ள. அவரே தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில போட்டார். பதினஞ்சாயிரம் தந்தார். அவரும் புள்ள குட்டிக்காரன்தானே. ஆஸ்பத்திரிப் பொலிஸ் கேட்டதுக்கு சைக்கிளால விழுந்த எண்டு சொல்லிட்டம். எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்."

பதினைந்தாயிரம் எத்தனை நாளைக்கு வரும்? அந்த மனிதர் எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. உம்மா காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தார். அதற்குப் பிறகுதான் மகன் கடைக்குப் போனான்.

அந்த வேன்காரத் தம்பியையும் எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. ஒருநாள் அவரே மனம் பொறுக்காமல் மிச்சக் கதையைச் சொன்னார். வேனுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. முன்பக்கம் நெளிந்து, ஹெட்லைட் உடைந்திருந்தது. ஆளை அடித்தது என்று சொன்னால் பொலிஸ், வழக்கு, வேன் ஸ்டேஷனில் நிற்கும், ஹயர் போகும். ஆகவே இன்சூரன்ஸ் ஆள் வந்தபோது, "மாடு குறுக்கால வந்திட்டு" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அதை யார் சந்தேகிப்பார்? படம் எடுத்தார்கள், மதிப்புப் போட்டார்கள், காசு கிடைத்தது. வேன் திருந்திவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கடதாசியில் அந்த மேசன் தானாக விழுந்தவர். இன்சூரன்ஸ் கடதாசியில் அவர் ஒரு மாடு. உண்மையில் அடிபட்ட மனிதன் எந்தக் கடதாசியிலும் இல்லை.

(இரண்டு வீட்டாரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாரென்று தேட வேண்டாம்.)

இதற்குப் பிறகுதான் எங்கள் நாட்டு வாகனக் காப்புறுதி எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காது என்று தேடிப் படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டேன். ஒரு விஷயம் மனதில் முள்ளாகக் குத்தியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஃபுல் இன்சூரன்ஸ் உங்கள் வாகனத்தின் தகரத்துக்குக் காசு தரும்போது, பிழை யாரில் என்று பெரிதாகக் கேட்பதில்லை. நீங்களே போய் மதிலில் மோதினாலும் தரும். லைசன்ஸ் இருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது என்ற மாதிரி நிபந்தனைகள் உண்டு. அவற்றை மீறாதவரை பம்பருக்கும் பொனட்டுக்கும் காசு வரும். சில நிறுவனங்கள் சம்பவ இடத்திலேயே தீர்த்துக் கொடுக்கின்றன.

அதே விபத்தில் மனிதனின் கால் உடைந்தால் கதை வேறு. அங்கே முதல் கேள்வியே "பிழை யாரில்?" என்பதுதான்.

மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்றால் என்ன?

நாங்கள் எல்லோரும் "தேர்ட் பார்ட்டி" என்று சொல்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அதன்படி இந்தக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓட முடியாது. அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. அதனால்தான் எங்களில் பலர் அதை லைசன்ஸ் எடுப்பதற்கான ஒரு கடதாசி என்று மட்டும் நினைக்கிறோம்.

முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு என்பது காப்புறுதி நிறுவனமும் அதை எடுத்த நீங்களும். மூன்றாந் தரப்பு என்பது உங்கள் வாகனத்தால் பாதிக்கப்படும் வெளி ஆள். ஆகவே தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவருக்குச் சொந்த வாகனத் திருத்தத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஓட்டியவரின் சொந்தக் காயத்துக்கும் கிடைக்காது. பைக்கில் தனியாகப் போய் விழுந்து கை உடைந்தவர், "எனக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று கார்டைக் காட்டுவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கார்ட் அவருக்கானது அல்ல, அடுத்தவருக்கானது.

சரி, அந்த அடுத்தவருக்காவது உடனே கிடைக்குமா? அதுவும் இல்லை. சட்டத்தின்படி நிறுவனத்தின் கடமை என்னவென்றால், வாகனக்காரருக்கு எதிராக நீதிமன்றம் நட்டஈட்டுத் தீர்ப்பு வழங்கினால் அதைச் செலுத்துவது. தீர்ப்புக் கிடைக்க வழக்குப் போட வேண்டும். வழக்கில் வெல்ல, ஓட்டியவரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். அதுவும் மாவட்ட நீதிமன்றத்தில், தனியான சிவில் வழக்காக.

இங்கே எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பொலிஸ் போடும் வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டுவார். அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகிறது. சில வேளைகளில் நீதவான் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுக்கக் கட்டளையிடலாம். ஆனால் உழைப்பு இழந்த மாதங்களுக்கும் வாழ்நாள் ஊனத்துக்குமான முழு நட்டஈடு அந்த வழக்கில் வராது. "வழக்கு முடிஞ்சிட்டு சேர், ஒண்டும் கிடைக்கல" என்பவர்களில் பலர் சிவில் வழக்குப் போடவே இல்லை.

இன்னொன்று. அடிபட்டவரிலும் பங்குப் பிழை இருந்தால், 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அந்த அளவுக்கு நட்டஈடு குறையும். அந்த மேசனின் சைக்கிளில் லைட் இல்லை. மஃரிப் நேரம். எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மொத்தத்தில், இந்தக் காப்புறுதியில் காசு இல்லாமல் இல்லை. அதை அடையும் வழிதான் நீளம். காசு உள்ளவன், படித்தவன், காத்திருக்கக் கூடியவன் அந்த வழியில் போய்ச் சேருவான். நாள் கூலிக்காரன் அரைவழியில் பதினைந்தாயிரத்துக்கு இறங்கிவிடுவான்.

வேறு இடங்களில் எப்படி?

ஆங்கிலத்தில் "நோ-ஃபோல்ட்" காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது. பிழை பார்க்காத காப்புறுதி. யார் இடித்தது என்பது பிறகு. முதலில் அடிபட்டவருக்கு வைத்தியச் செலவு, இழந்த சம்பளத்தின் ஒரு பங்கு, இறந்திருந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை. இதுதான் அடிப்படை.

இதில் அதிக தூரம் போன நாடு நியூசிலாந்து. ஓவன் வூட்ஹவுஸ் என்ற நீதிபதி தலைமையிலான ஆணைக்குழு 1967இல் அறிக்கை கொடுத்தது. 1974 ஏப்ரலில் திட்டம் தொடங்கியது. வீதி விபத்து மட்டுமல்ல, வீட்டில் ஏணியால் விழுந்தாலும் அதற்குள் வரும். உழைப்பவர் ஒருவர் காயப்பட்டால் முதல் வாரத்துக்குப் பிறகு அவரது வாரச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். வீதி விபத்துகளுக்கான காசு பெற்றோலில் இருந்தும் வாகன லைசன்ஸ் கட்டணத்தில் இருந்தும் அறவிடப்படுகிறது. அதற்குப் பதிலாக மக்கள் ஒன்றை விட்டுக் கொடுத்தார்கள்: காயத்துக்கு நட்டஈடு கேட்டு ஒருவர் மற்றவர்மீது வழக்குப் போடும் உரிமை.

அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இது இல்லை. சுமார் ஒரு டசின் மாநிலங்களில் உண்டு. ஃப்ளோரிடாவில் ஒவ்வொரு வாகனக்காரரும் தன் சொந்தக் காப்புறுதியிலிருந்தே அதிகபட்சம் 10,000 டொலர் வரை பெறலாம். வைத்தியச் செலவில் 80 சதவீதம், இழந்த சம்பளத்தில் 60 சதவீதம். ஆனால் 14 நாட்களுக்குள் வைத்தியரிடம் போயிருக்க வேண்டும். வாகனத்தின் தகரத் திருத்தம் இதில் வராது, அதற்கு வேறு காப்புறுதி. வலிக்கும் மனவேதனைக்கும் காசு கிடையாது. பாரதூரமான காயம் என்றால் மட்டும் மற்றவர்மீது வழக்குப் போடலாம்.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பக்கத்து இந்தியாவைப் பாருங்கள். அங்கேயும் எங்களைப் போல் பிழையை நிரூபித்துப் பெறும் வழிதான் பிரதானம். ஆனால் அதோடு சேர்த்து இன்னொரு கதவும் வைத்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, வீதி விபத்தில் ஒருவர் இறந்தால் 5 இலட்சம் இந்திய ரூபா, கடும் காயம் என்றால் 2.5 இலட்சம் ரூபா. ஓட்டியவரின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. பெரிய தொகை இல்லைதான். ஆனால் பிள்ளையின் படிப்பு நிற்காமல் இருக்க, உம்மாவின் காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகாமல் இருக்க அது போதும்.

எங்கள் நாட்டுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதை நாங்கள் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் இந்தக் காப்புறுதியில் பெரும் பகுதி ஆஸ்பத்திரி பில்லுக்குப் போய்விடும். எங்களுக்கு அரச ஆஸ்பத்திரி இலவசம். அல்ஹம்துலில்லாஹ். அந்த மேசனின் காலுக்குப் பிளேட் வைத்ததற்கு அவர் பில் கட்டவில்லை. ஆகவே எங்கள் நாட்டில் விபத்தின் உண்மையான செலவு, உழைக்காத மாதங்கள்தான். கிளினிக்குக்குப் போக ஆட்டோ, வெளியில் வாங்கும் மருந்து, கூட நிற்பவரின் கூலி. இதை மட்டும் பிழை கேட்காமல் முதல் ஆறு மாதத்துக்குக் கொடுக்க ஒரு ஏற்பாடு செய்தால், எங்களால் தாங்க முடியாத சுமையாக அது இருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"அப்ப ஓடுறவனுக்குப் பயமில்லாமப் போகுமே?"

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னதும் ஒரு சேர் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. ஆனால் இன்று பயம் இருக்கிறதா? இன்றும் நட்டஈடு கட்டுவது நிறுவனம், சாரதி அல்ல. சாரதிக்குப் பயம் வர வேண்டியது பொலிஸிலும், நீதவானிலும், லைசன்ஸ் போய்விடும் என்பதிலும். அவை எல்லாம் அப்படியே இருக்கும். நியூசிலாந்திலும் குடித்துவிட்டு ஓடியவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகிறார்கள். தண்டனை ஒரு கணக்கு, அடிபட்டவனின் சோறு வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால்தான் முதலாவது முடியும்வரை இரண்டாவது காத்துக் கிடக்கிறது.

இரண்டாவது கேள்வி, காசு எங்கே? அதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1973இல் தொடங்கி நீண்ட காலம் வாழ்நாள் முழுக்க எல்லையில்லா வைத்தியச் செலவு கொடுத்தது. வாகனக் காப்புறுதிக் கட்டணம் நாட்டிலேயே மிக உயர்ந்த நிலைக்குப் போனது. கடைசியில் 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஃப்ளோரிடாவில் பொய் விபத்து, பொய்ச் சிகிச்சை என்று மோசடிக் கும்பல்களே உருவாகின. ஆகவே எல்லை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் மோசடி இப்போது எங்களிடம் இல்லையா? மாடு குறுக்கே வந்தது யாருடைய மோசடி? பிழை பார்க்காமல் முதல் உதவித் தொகை கிடைக்கும் என்றிருந்தால் அந்தத் தம்பிக்குப் பொய் சொல்லும் தேவையும் குறைந்திருக்கும், அந்த மேசனுக்குத் தன் காயத்தை மறைக்கும் தேவையும் இருந்திருக்காது.

எங்களிடம் இது ஏற்கெனவே இருக்கிறது

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நான் அரச ஊழியர். என் சம்பளத்தில் மாதாமாதம் அக்ரஹாரக் காப்புறுதிக்குக் கழிக்கிறார்கள். எனக்கு விபத்து நடந்தால் அக்ரஹாரவில் முதல் கேள்வி யாரில் பிழை என்பதாக இருக்காது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017இல் சுரக்ஷா காப்புறுதி வந்தது. எங்கள் பிள்ளைகளின் படிவங்களை நானே நிரப்பியிருக்கிறேன். கை உடைந்த பிள்ளையிடம், "நீ ஓடினதாலதானே விழுந்த?" என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.

ஆக அந்த வீட்டில் மகனுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவனுக்குப் படிப்பிக்கும் எனக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. வேனின் பம்பருக்கும் இருக்கிறது. எங்கள் மூவருக்கும் இடையில், வெயிலில் கல் தூக்கி அந்த வீட்டைச் சுமக்கும் வாப்பாவுக்கு மட்டும் இல்லை. மேசன், மீன்பிடிப்பவர், வயலில் கூலிக்குப் போகிறவர், சந்தையில் மரக்கறி விற்கிற உம்மா. இவர்கள்தான் வீதியில் சைக்கிளிலும் காலாலும் அதிகம் போகிறவர்கள். இந்த நாட்டு வீதிகளில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் காருக்குள் இருந்தவர்கள் அல்ல. மோட்டார் சைக்கிளிலும், சைக்கிளிலும், நடந்தும் போனவர்கள்.

நான் மௌலவி இல்லை. ஃபத்வா சொல்லவும் வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று சூரா அந்நிஸாவின் 92ஆவது வசனம் சொல்கிறது. அந்தக் குடும்பம் தானாக விட்டுக் கொடுத்தால் தவிர. வேண்டுமென்று செய்தானா என்பதல்ல அங்கே விஷயம். தவறுதல்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் குடும்பத்தின் உரிமை நிற்கிறது. அந்தச் சுமையையும் தனி ஒருவனின் தலையில் போடாமல், "ஆகிலா" என்று அவனுடைய உறவுக்கூட்டம் பங்கிட்டுச் சுமப்பதுதான் ஃபிக்ஹில் உள்ள ஏற்பாடு. பாதிக்கப்பட்டவன் தெருவில் நிற்கக் கூடாது, தவறு செய்தவனும் நொறுங்கிப் போகக் கூடாது, ஊர் சேர்ந்து தாங்க வேண்டும். இந்த எண்ணம் எங்களுக்கு வெளியில் இருந்து வர வேண்டியதல்ல.

ஆனால் நடைமுறையில் நாங்கள் என்ன செய்கிறோம்? விபத்து நடந்தால் நாலு பெரியவர்கள் கூடுகிறார்கள். "நம்மட ஆள்தானே, விடுங்க. கோர்ட் கச்சேரி எண்டு அலையாதீங்க." ஒரு சிறு தொகை, ஒரு கடதாசி, ஒரு ஸலவாத்து. அடிபட்டவர் கட்டிலில் கிடக்கும்போது அவரிடம் மன்னிப்பை வாங்கிக் கொடுக்கிறோம். மன்னிப்பது பாதிக்கப்பட்டவனின் உரிமை. அதை நாங்கள் சேர்ந்து நெருக்கி எடுப்பது அல்ல. அதோடு ஒரு பெரிய தப்பெண்ணமும் இருக்கிறது: வழக்குப் போட்டால் அந்த ஏழைச் சாரதியின் வீட்டுச் சோற்றில் மண் விழும் என்று. காப்புறுதி ஒழுங்காக இருந்தால் காசு கட்டுவது நிறுவனம். அதற்காகத்தான் அந்தச் சாரதி வருடா வருடம் கட்டணம் கட்டுகிறார். நாங்கள் இரக்கப்பட்டு விட்டுக் கொடுத்தது சாரதிக்கு அல்ல, கம்பனிக்கு.

சட்டம் மாறும்வரை நாங்கள் செய்யக் கூடியவை

1. விபத்து நடந்தால் முதலில் உயிர். 1990க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம்.

2. பொலிஸில் என்ட்ரி போடுங்கள். ஆஸ்பத்திரிப் பொலிஸிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இரக்கத்தில் சொல்லும் ஒரு பொய், பிறகு எல்லாக் கதவையும் மூடிவிடும். என்ட்ரி இலக்கத்தை எழுதி வையுங்கள்.

3. வாகன இலக்கம், கண்ணாடியில் ஒட்டியுள்ள வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ் கார்ட். மூன்றையும் ஃபோனில் படம் எடுங்கள். இடத்தையும் எடுங்கள்.

4. செலவுக்கு யாராவது காசு தந்தால் வாங்கலாம். ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய கடதாசியில், காயம் ஆறுமுன் கையெழுத்து வைக்க வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

5. டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கூலி வேலை என்றால் வேலை கொடுத்தவரிடம் ஒரு கடிதம் எடுங்கள்.

6. நட்டஈட்டு வழக்குக்குக் காலம் இரண்டு வருடம். அது கடந்தால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் முடியாது. வழக்குப் போட முன்போ, போட்டு ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் போக வேண்டும். அது தவறினால் தீர்ப்பு வந்தாலும் நிறுவனம் தப்பிவிடும். சட்டத்தரணியிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

7. காசு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக உதவுகிறது.

8. அடித்துவிட்டு ஓடிய வாகனம், யாரென்றே தெரியாது என்றால், அதற்கும் ஒரு வழி உண்டு. வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை நட்டஈடு வழங்குகிறது. அதற்கும் பொலிஸ் அறிக்கை வேண்டும். மீண்டும் என்ட்ரிதான்.

9. வாகனம் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, தகாஃபுல் எடுத்தாலும் வேறு எடுத்தாலும், இரண்டு கேள்வி கேளுங்கள். "ஓட்டுற எனக்குக் காயம் வந்தா என்ன தருவீங்க? பின்னால இருக்கிற என்ட மனுசிக்கும் புள்ளைக்கும் என்ன?" ஓட்டுநருக்கும் பயணிக்கும் தனிநபர் விபத்துக் காப்பைச் சிறிய மேலதிகக் கட்டணத்தில் சேர்க்கலாம். அது பிழை பார்க்காமல் கிடைக்கும். பொனட்டுக்கு எவ்வளவு என்று கேட்கும் நாங்கள், இதைக் கேட்பதே இல்லை.

இது எங்கள் கையில் உள்ளது. மிச்சம் சட்டம் செய்பவர்களின் கையில். தேர்தல் காலத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் வீதி விளக்கும் மைதானமும் கேட்கிறோம். இதையும் கேட்போம். மூன்றாந் தரப்புக் காப்புறுதிக்குள்ளேயே, பிழை கேட்காமல் ஒரு முதல் தொகை. உழைப்பவன் அடிபட்டால் சில மாதங்களுக்கு வீட்டில் உலை வைக்க ஒரு தொகை. இந்தியாவால் முடிந்தது எங்களால் முடியாததா?

அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். விபத்து நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் பத்து மாதம் இருக்கிறது. வாப்பாவைச் சட்டத்தரணியிடம் கூட்டிப் போனேன். "கஷ்டம், ஆனா கதவு மூடல்ல" என்றார். "சைக்கிளால விழுந்தேன்" என்று சொன்ன வாக்குமூலம் பெரிய தடை. அதைத் தாண்ட ஒரே ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் வேன்காரத் தம்பி. சொன்னால் மாட்டுக் கதையும் வெளியே வரும், வாங்கிய காசுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். அவருக்குப் பயம். அவருக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நான் அவரை வற்புறுத்தவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். "தம்பி, நீங்க அண்டைக்கு அவரைத் தூக்கிட்டு ஓடினீங்க. அது உங்கட நல்ல மனசு. அந்த வேலை இன்னும் முடியல்ல."

யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். துஆச் செய்யுங்கள்.

பையன் இந்தத் தவணை மீண்டும் பாடசாலைக்கு வருகிறான். பின்னேரம் மட்டும் கடை. கணக்கில் பின்னுக்குப் போயிருக்கிறான், பிடித்துவிடுவான், இன்ஷா அல்லாஹ். போன கிழமை சதவீதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "நூற்றுக்கு எண்பது" என்று பலகையில் எழுதியபோது நியூசிலாந்து ஞாபகம் வந்தது. வகுப்புக்கு அந்தக் கதையைச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் ஆச்சரியமாகக் கேட்டார்கள். அவன் மட்டும் கை தூக்கி ஒரு கேள்வி கேட்டான்.

"சேர், அங்க மேசன்மாருக்கும் குடுப்பாங்களா?"

"ஓம்" என்றேன்.

இதில் பிழை இருந்தால் சட்டம் தெரிந்தவர்கள் கீழே திருத்துங்கள், பதிவில் சேர்த்துவிடுகிறேன். பயன் என்று நினைத்தால் உங்கள் குடும்ப குரூப்களில் போடுங்கள். முக்கியமாக, ஊரில் சமாதானம் பேசப் போகிறவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுப் போகட்டும்.